நானூற்று இருபத்து மூன்று நாள்

மற்ற ஊர்களில் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். திருப்பூர் அவிநாசி ரோட்டில் இருக்கும் தண்டாயுதபாணியின் பனியன் கம்பெனியில் மட்டும் நானூற்று இருபத்து மூன்று நாளுக்கு ஆட்கள் வேலை பார்த்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்தது எந்த ஜோசியரும் இல்லை, மத்திய அரசாங்கத்தின் கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அரசாங்கப் படிவத்தை அனுசுயா முடிக்கப் போன நேரத்தில், திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. ஒரு தொழிலாளி சராசரியாக வேலை செய்த நாட்கள் 423. சரிபார்க்கவும்.

அனுசுயா சரிபார்த்தாள். கால்குலேட்டரில் ஒரு முறை, கம்ப்யூட்டரில் ஒரு முறை, நம்பிக்கை இல்லாமல் பேப்பரில் பேனாவால் ஒரு முறை. மூன்று முறையும் மொத்தம் இருபத்தைந்தாயிரத்து முந்நூற்று எண்பதுதான் வந்தது. அறுபது பேர். வகுத்தால் நானூற்று இருபத்து மூன்று. கூட்டலில் தப்பே இல்லை. வருடத்தில்தான் ஏதோ தப்பு இருக்க வேண்டும்.

“என்னங்க அம்மிணி, ஆச்சுங்களா?” கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார் தண்டாயுதபாணி.

“ஒரே ஒரு செகப்பு வந்திருக்குங்க சார்.”

செகப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தலை வெளியே போய்விட்டது. கவர்மெண்ட் சமாச்சாரம் என்றால் அவருக்கு அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் கவர்மெண்ட்டின் பழுப்புக் கவர் வந்த அன்று, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆபீஸ் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துச் சூடம் காட்டினவர் அவர். முருகன் பதில் எழுதவில்லை. அதனால் இரண்டாவது கவர் வந்தது. மூன்றாவதாக போன் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். நாட்டில் தொழில் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்க்க, வருடா வருடம் அரசாங்கம் சில கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்துக் கணக்குக் கேட்கும். எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள், எத்தனை கிலோ நூல் வாங்கினீர்கள், எத்தனை பீஸ் அனுப்பினீர்கள். இந்த முறை அந்தச் சீட்டு தண்டாயுதபாணி பெயருக்கு விழுந்துவிட்டது. ஆடிட்டர் ஆபீஸில் கேட்டதற்கு, “இது எங்க வேலையில சேராதுங்க” என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் அனுசுயா, யாரும் கேட்காமலே, “நான் பாக்கறேனுங்க சார்” என்றாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து நாலு வயதில் அம்மா ஒச்சாயியின் இடுப்பில் உட்கார்ந்து திருப்பூர் வந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு, அம்மா நின்ற அதே செக்கிங் டேபிளில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பனியனில் ஓட்டை பார்த்தாள். நின்றுகொண்டே தபாலில் பி.காம். முடித்தாள். ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அவளை ஆபீஸுக்குள் கூப்பிட்டுச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் காட்டினார் தண்டாயுதபாணி. காட்டினாரே தவிர, கொடுக்கவில்லை.

“இந்தக் கவர்மெண்ட்டு கடுதாசிய ஒழுங்கா முடிச்சுக் குடுத்தீங்கன்னா சேரு உங்குளுதுங்க அம்மிணி. இல்லீன்னா ஒண்ணாந்தேதியில இருந்து மறுக்கா செக்கிங் பாத்துக்கலாமுங்க.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. கோயம்புத்தூரில் இருந்து புள்ளியியல் ஆபீஸர் தஹ்சீன் மேடம் மூன்று மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அனுசுயாவிடம் இருப்பது ஒரு சிவப்பு எழுத்தும் ஏழு மணி நேரமும்.

இத்தனைக்கும் அந்தப் படிவத்தின் மேல் அவளுக்கு ஆசையே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனை போலத் தெரியும் அந்தப் பக்கங்களை அவள் ஒவ்வொன்றாக ரசித்துத்தான் நிரப்பினாள். உள்ளே வந்த நூல் இத்தனை கிலோ, வெளியே போன துணி இத்தனை கிலோ, வெட்டுத் துண்டு இத்தனை கிலோ என்று போட்டுக் கூட்டி, ஒரு கிலோ பிசகாமல் வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தாள். இந்த எண்கள் டெல்லிக்குப் போகும், ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் எண்ணோடு சேரும், ஒரு நாள் டிவியில் யாரோ கோட்டுப் போட்டவர் நாட்டின் தொழில் வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று வாசிப்பார், அதற்குள் எங்கேயோ நான் கூட்டிய வெட்டுத் துண்டும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போவாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். கணக்குக் கொடுப்பவரின் பெயர், பதவி என்று இருந்தது. பெயர் போட்டுவிட்டாள். பதவிக்கு என்ன போடுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது எல்லாம் இந்த நானூற்று இருபத்து மூன்றில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

பதினொரு மணிக்கு டீ மணி அடித்தது. மெஷின்கள் ஓய்ந்தன. ஜன்னலுக்கு வெளியே ஒச்சாயி வந்து நின்றாள். கையில் டீ, தலையில் பஞ்சுத் தூசி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் இப்படி வருவாள். வியாழக்கிழமையோடு வாரக் கணக்கு முடிவதால், தன் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை.

“ஏ அனுசு, எனக்கு இந்த வாரம் எம்புட்டு நாளு ஏறிருக்கு? ஒம்பதா, எட்டரையா? செவ்வாக்கெழம கரண்டு இல்லாம செத்த நேரம் சும்மா நின்னோம்ல, அதுல அரைய வெட்டிப்புட்டாகளோன்னு ஒரு சந்தேகம்.”

அனுசுயா நோட்டைப் பார்க்காமலே, “ஒம்பதுதான்ம்மா, போ” என்றாள்.

“அப்பச் சரி” என்று ஒச்சாயி திரும்பினாள்.

அனுசுயாவின் கையில் இருந்த பேனா நின்றது.

“அம்மா, நில்லு. வாரத்துக்கு எத்தனை நாளு?”

“என்னாடி கேள்வி இது? ஏழு.”

“ஞாயித்துக்கெழம லீவு போக?”

“ஆறு.”

“அப்ப ஒம்பது எங்கிட்டு இருந்தும்மா வந்துச்சு?”

மகளுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒச்சாயி பார்த்தாள். “எங்கிட்டு இருந்து வந்துச்சா? நான் நின்னு பாத்ததுடி!”

அனுசுயா துள்ளி எழுந்த வேகத்தில் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடிப்போய் பீரோவில் மோதியது. “அம்மா! அம்மா! நீ தெய்வம்!” என்று கத்தினாள். ஜன்னல் கம்பி மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் ஒச்சாயியைக் கட்டிப் பிடித்து டீயைக் கொட்டியிருப்பாள்.

திருப்பூரில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இங்கே காலை எட்டரைக்கு உள்ளே போனால் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அத்தோடு வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. இன்னும் நாலு மணி நேரம் நின்றால் அரை ஷிப்ட். ஆக, ஒரு நாளுக்கு நோட்டில் ஒன்றரை என்று எழுதுவார்கள். ஆறு நாள் வந்தால் ஒன்பது. அந்த ஒன்பதை ஷிப்ட் என்று முழுதாகச் சொல்ல யாருக்கு நேரம்? ஒன்பது நாள் என்றே சொல்வார்கள். அனுசுயா இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஏழு நாள் என்று ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு இந்த வாரம் ஒன்பது நாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். இரண்டும் அவளுக்கு ஒரு நாளும் இடித்ததில்லை. நாள் என்ற கட்டத்தைப் பார்த்ததும், நோட்டில் இருந்த ஒன்றரைகளை எல்லாம் அப்படியே கூட்டிப் போட்டுவிட்டாள். வேறு ஊர்க்காரி யாராவது செய்திருந்தால் இந்தத் தப்பு வந்தே இருக்காது.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் சரி செய்ய வேண்டுமே? பன்னிரண்டு மாத வருகை நோட்டு, அறுபது வரிசை, முந்நூற்று இரண்டு வேலை நாள். பதினெட்டாயிரத்துச் சொச்சம் கட்டம். ஒன்றா ஒன்றரையா இரண்டா என்று பார்க்காமல், ஆள் வந்தானா வரவில்லையா என்று மட்டும் முதலில் இருந்து எண்ண வேண்டும்.

அவள் பரணில் ஏறி நோட்டுக்களை இறக்கும் சத்தம் கேட்டுத் தண்டாயுதபாணி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

“அட, இவ்வளவுதானுங்களா? அறுவதை முந்நூறால பெருக்கிப் போட்டுப்போடுங்க. பதினெட்டாயிரம். முடிஞ்சுதில்லீங்க?”

“அது நம்ம கணக்கு இல்லீங்களே சார். நம்ம கணக்குத்தான் நோட்டுல இருக்குதுங்களே.”

அப்போதுதான் அவர் இறங்கிய நோட்டுக்களைச் சரியாகப் பார்த்தார். முகம் மறுபடி கறுத்தது. “இதை எதுக்குங்க எடுத்தீங்க? அந்த மேடம் வந்து பாத்துப்போட்டா? பக்கத்துக்குப் பக்கம் ஒண்ணரை ஒண்ணரைன்னு இருக்குதுங்க!” என்றவர், தன் மேஜைக்குப் போய் வேறொரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். “மேடத்துக்கு இதைக் காட்டுங்க. இதுல இருந்தே எழுதிக்கோங்க. அதைய மேல ஏத்திப்போடுங்க.”

அது பையர் ஆடிட் நோட்டு. வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்களின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வந்தால் காட்டுவதற்கென்று தனியாக எழுதுவது. அதில் எல்லாரும் எட்டு மணி நேரம்தான் வேலை பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓய்வெடுப்பார்கள், மசிகூட ஓரிடத்திலும் சிந்தாது. அவ்வளவு ஒழுங்கான கம்பெனியில் தானும் ஒரு நாள் வேலை பார்க்க வேண்டும் என்று அனுசுயா நினைத்திருக்கிறாள்.

“சரிங்க சார்” என்றாள். அவர் போன பிறகு ஆடிட் நோட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, நிஜ நோட்டின் முதல் மாதத்தைத் திறந்தாள்.

முதல் பக்கம் எண்ணி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இந்த வேகத்தில் போனால் நாளை மறுநாள்தான் முடியும். அவளுக்கு அழுகை முட்டியது. பேனாவைக் கடித்துக்கொண்டு பக்கத்தையே பார்த்தாள். பக்கம் முழுக்க எண்கள், இடையில் அங்கங்கே வெற்றுக் கட்டங்கள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வந்தவர்களை எதற்கு எண்ண வேண்டும்? வராதவர்களை எண்ணினால் போதாதா? அறுபதை முந்நூற்று இரண்டால் பெருக்கி, வெற்றுக் கட்டத்தைக் கழித்தால் தீர்ந்தது! இந்தக் கம்பெனியில் வரிசை மெஷின் வாரியாகத்தான். ஒருத்தர் வேலையை விட்டு நின்றால் அதே வரிசையில் அடுத்தவர் பெயர் ஏறும். அதனால் அறுபது வரிசை எப்போதும் அறுபதுதான்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை, போனை எடுக்கவில்லை. சித்திரையில் வெற்றுக் கட்டம் அறுபத்தெட்டு. வைகாசியில் கல்யாணங்கள், எண்பத்தொன்று. விரல் ஓட ஓட, அந்த வெற்றுக் கட்டங்கள் அவளிடம் பேச ஆரம்பித்தன. வரிசையாக மூன்று காலியாக இருந்தால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. திங்கட்கிழமை மட்டும் காலியாக இருந்தால் அது வேறு சமாச்சாரம், அதை ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்க வேண்டும். மாசியில் உசிலம்பட்டிக்காரர்கள் மொத்தமாகக் குலசாமி கும்பிடப் போயிருந்தார்கள். தீபாவளிக்கு அடுத்த பத்து நாள் பக்கமே வெறிச்சென்று கிடந்தது. பஸ் கிடைக்காமல் திருமங்கலத்தில் ஒரு நாள், சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள் என்று தள்ளித் தள்ளி எல்லாரும் திரும்பி வந்த கதை அப்படியே அந்தக் கட்டங்களில் இருந்தது.

முப்பத்தேழாம் வரிசை ஒச்சாயி. அதில் விரல் தடுக்கவே இல்லை. ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை என்று போய்க்கொண்டே இருந்தது. தீபாவளிப் பக்கத்தில், சுற்றிலும் எல்லாரும் ஊருக்குப் போன வெறுமைக்கு நடுவே, அந்த ஒரு வரிசை மட்டும் கிட்டத்தட்ட நிரம்பி ஓடியது. வருடம் முழுக்க நாலே நாலு வெற்றுக் கட்டம். தீபாவளிக்கு மறுநாள் ஒன்று, மாமா செத்ததற்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. நாலாவது எது என்று தேதியைப் பார்த்தாள். அது அவள் பட்டம் வாங்கிய நாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, யார் யார் பெயருக்கோ எல்லாம் கை தட்டிக்கொண்டிருந்த அம்மா. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு நாளில் நானூற்று நாற்பத்தேழு நாள் வேலை பார்த்திருந்தாள். அனுசுயா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முப்பத்தெட்டாம் வரிசைக்குப் போனாள்.

இரண்டே முக்காலுக்கு முடிந்தது. மொத்த வெற்றுக் கட்டம் ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு. பதினெட்டாயிரத்து நூற்று இருபதில் கழித்தால் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. அறுபதால் வகுத்தாள். ஆளுக்கு இருநூற்று எண்பத்திரண்டு நாள் சொச்சம். அவள் நாற்காலியைக் காலால் உந்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். நின்றபோது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அனுசுயாவா? நான் தஹ்சீன். போன்ல பேசினோமே.”

ஆபீஸர் என்றால் ஐம்பது வயதும் மூக்குக் கண்ணாடியும் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். தஹ்சீனுக்கு முப்பதுகூட இருக்காது. ஸ்கூட்டியில் வெயிலில் வந்த முகம், தோளில் கனத்த பை. தண்டாயுதபாணி அரக்கப் பரக்க வந்து விசிறியைத் திருப்பிவிட்டு, இளநீர் சொல்லி, அவராகவே ஆடிட் நோட்டை எடுத்து நீட்டினார். “எல்லாம் இதுல இருக்குதுங்க மேடம். பக்காவா இருக்குதுங்க.”

அனுசுயா நிஜ நோட்டுக்களைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

தஹ்சீன் இளநீரைக் குடித்துக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார். பாராட்டுவது போலத் தலையை ஆட்டினார். தீபாவளி மாதத்துக்கு வந்ததும் தலை நின்றது.

“ஏங்க, தீபாவளிக்கு மறுநாள் அறுபது பேரும் வேலைக்கு வந்திருக்காங்க?”

“ஆமாங்க” என்றார் தண்டாயுதபாணி.

“ஒருத்தர்கூட ஊருக்குப் போகல?”

“கம்பெனி மேல நெம்பப் பாசமுங்க.”

“நான் அன்னைக்குத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். டீ குடிக்க ஒரு கடை இல்லீங்க. மொத்த ஊரும் காலி. உங்க கம்பெனியில மட்டும் ஒரு கட்டம்கூடக் காலி இல்ல!”

தண்டாயுதபாணி முருகன் படத்தைப் பார்த்தார். முருகன் இந்த முறையும் ஒதுங்கிக்கொண்டார். தஹ்சீன் நோட்டை மூடிவிட்டு, கோபமே இல்லாமல், “வேற நோட்டு இருக்குங்களா?” என்று கேட்டார். கேட்டது அவரிடம்தான். ஆனால் பார்த்தது அனுசுயாவை.

“இல்லீங்க” என்றார் அவர்.

அனுசுயாவின் கால் நோட்டுக் கட்டின் மேல் இருந்தது. பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் நாற்காலி போய்விடும். ஒண்ணாந்தேதி மறுபடியும் செக்கிங் டேபிளில், அம்மா பக்கத்தில், அம்மா உழைத்து வாங்க வைத்த பட்டத்தோடு நிற்க வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் பதினெட்டாயிரம் போட்டுப் பச்சை வாங்கிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் காலையில் இருந்து எண்ணிய ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு கட்டமும் அவள் கண்ணுக்குள் நின்றன. அதில் நாலு கட்டம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றன. அந்த ஆடிட் நோட்டின்படி அவள் பட்டம் வாங்கிய அன்று அம்மா விழாவுக்கு வரவே இல்லை, கம்பெனியில் இருந்தாள்.

“இருக்குதுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கட்டைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். தண்டாயுதபாணி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தஹ்சீன் முதல் நோட்டைத் திறந்தார். இரண்டு பக்கம் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்தார்.

“ஒன்றரை. இது ஒன்றரை ஷிப்ட்டா? ஒரு நாளைக்கா?”

“ஆமாங்க மேடம். நாங்க அதை நாள்னுதான் சொல்லுவோம். நானும் அப்படியே கூட்டிட்டேன். அதுலதான் நானூத்தி இருபத்து மூணு வந்துச்சுங்க.”

“யா அல்லாஹ்!” தஹ்சீன் மேஜையைத் தட்டிய தட்டில் கால்குலேட்டர் குதித்தது. “அனுசுயா, இந்த வருஷம் என் ரவுண்டுல நாலு கம்பெனிக்கு நானூறுக்கு மேல வந்துச்சு. ஏன்னு கேட்டா, தப்பா அடிச்சுட்டோம் மேடம்னு சொல்லி மறுநாளே எல்லாரும் முந்நூறுன்னு மாத்தி அனுப்பிட்டாங்க. நாலு கம்பெனி எப்படி ஒரே மாதிரி தப்பா அடிக்கும்னு எனக்கு மண்டை காஞ்சு போச்சு. மூணு மாசமா இதே யோசனை! நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

அனுசுயா சொன்னாள். ஒன்பது நாள் வாரத்தைச் சொன்னாள், வெற்றுக் கட்டத்தை எண்ணியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல இரண்டு பேர் குரலும் ஏறிக்கொண்டே போனது. தஹ்சீன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாசி மாதத்தைத் தானே ஒரு முறை எண்ணிப் பார்த்தார். அனுசுயா சொன்ன எண்ணே வந்தது. இரண்டு பேரும் கையில் கை தட்டிக்கொண்டார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டார்கள்.

கதவோரம் நின்ற தண்டாயுதபாணி மெல்லக் கேட்டார். “மேடம், இந்த ஒண்ணரைய வெச்சு எங்க மேல கேசு கீசு...”

“நான் புள்ளியியல் ஆபீஸ் சார். நீங்க எங்களுக்குக் குடுக்கிற கணக்கை உங்க கம்பெனி பேரோட யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. மொத்தக் கணக்கு மட்டும்தான் வெளிய வரும்” என்றார் தஹ்சீன். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “ஆனா அந்த மொத்தம் நிஜமா இருக்கணும். ஊர்ல ஜனங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னே தெரியாம எவ்வளவு வளர்ந்தோம்னு சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றார்.

தண்டாயுதபாணி மேஜைக்கு வந்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு வரிசையில் விரலை வைத்துக் கொஞ்ச தூரம் போனார். “நானும் டைலரா இருந்தவன்தானுங்க. எங்கூட்டுல கேட்டா நானும் ஒம்பது நாளுன்னுதான் சொல்லுவேன்” என்றார்.  நோட்டைப் பரணில் ஏற்றச் சொல்லவில்லை.

மணி நாலே கால். அனுசுயா 16,956 என்று அடித்தாள். சிவப்பு மறைந்தது. கீழே குறிப்புக் கட்டத்தில், இங்கே பெரும்பாலான நாட்களில் ஒருவர் ஒன்றரை ஷிப்ட் வேலை செய்கிறார் என்று தஹ்சீன் சொல்லச் சொல்ல எழுதினாள். பக்கம் பக்கமாகப் பச்சை விழுந்தது.  நாலு ஐம்பதுக்குக் கடைசிப் பக்கம் வந்தது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். போகவில்லை.

“இங்க பாருங்க, பதவி காலியா இருக்கு. இது இல்லாமப் போகாது” என்றார் தஹ்சீன்.

அனுசுயா விசைப் பலகையைப் பார்த்தாள். தைரியமெல்லாம் அந்த ஒரு கட்டத்தில் வந்து தீர்ந்துவிட்டது. “செக்கிங்னு போட்டுக்கட்டுங்களா சார்?” என்று கேட்டாள்.

தண்டாயுதபாணி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. நாலு ஐம்பத்திரண்டு. டீக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் கேட்டது.

“மேடம், இதுல ஒருக்கா எழுதிப்போட்டா மாத்த முடியுங்களா?”

“அனுப்பிட்டா முடியாதுங்க.”

“டெல்லி வரைக்கும் இதே பேருதான் போகுமுங்களா?”

“போகுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “அப்ப ஆபீஸ் மேனேஜர்னு போடுங்க அம்மிணி. சுருக்காப் போடுங்க, மணியாகுது.”

அனுசுயா அடித்த மேனேஜரில் ஒரு எழுத்து விட்டுப்போக, அழித்து மறுபடி அடித்தாள். அழுத்தினாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. திரை முழுக்கப் பச்சை. உங்கள் கணக்கு பெறப்பட்டது. தஹ்சீன் கை தட்டினார். தண்டாயுதபாணியும், என்ன ஏது என்று புரியாவிட்டாலும், இரண்டு தட்டுத் தட்டினார். அனுசுயா முகத்தைக் கையில் மூடிக்கொண்டு சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

சத்தம் கேட்டு ஜன்னலில் ஒச்சாயி வந்து நின்றாள். கையில் சாயங்கால டீ. “என்னாத்தா ஆச்சு? ஏன் அழுவுற? எவனும் திட்டிப்புட்டானா?”

“இல்லம்மா. நான் இங்க மேனேஜராம். டெல்லி வரைக்கும் எழுதியாச்சு. நாற்காலி எனக்குத்தான்.”

ஒச்சாயி மகளைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். டீயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். உள்ளே பன்னிரண்டு நோட்டும் திறந்தபடி கிடந்தன.

“மேனேஜருன்னா” என்று மெதுவாகக் கேட்டாள், “ஒரு நாளைக்கு ஒரு நாள் வேலை பாத்தாப் போதும்ல?”